கோணிச் சீலிங் போட்டவர்

அவர் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நிற்பார். ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டுவார். பிறகு முகட்டைப் பார்த்தபடி வலது காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்றால், "கொஞ்சம் இருங்க" என்று கையமர்த்துவார். தட்டிய சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் வணக்கம், நலம் விசாரிப்பு, காப்பி எல்லாம்.

இதனால் சில சங்கடங்கள் உண்டாயின. ஒரு முறை பெண் பார்க்கப் போன கூட்டத்தோடு அவரும் போயிருந்தார். உட்காருவதற்கு முன்பே தட்டிவிட்டார். அதைச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்ட உள்ளேயிருந்தவர்கள், மாப்பிள்ளை இன்னும் ரிக்ஷாவிலிருந்து இறங்காத நேரத்தில் பெண்ணை அழைத்து வந்துவிட்டார்கள். துக்க வீட்டிலும் தட்டுவார். "மேல வெறும் தகரம். அழுகை ரெண்டு மடங்கா கேக்குது, பாவம்" என்று இறந்தவரின் மைத்துனரிடம் அனுதாபத்தோடு சொன்னதை நானே கேட்டேன். சிவன் கோயிலில் சண்டிகேசுவரர் சந்நிதியில் நின்று தட்டும்போது மட்டும் யாரும் அவரை வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அவரோ அங்கும் முகட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவரை நான் முதலில் சந்தித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு, ரப்பர் விலை விழுவதற்கு முன்பு. பேசும் படம் கோலாலம்பூருக்கு வந்த சமயம் என்று அங்கே பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இருக்கும் நண்பர்கள் சொல்வது சரியல்ல. பேசும் படம் வந்தபோது அவர் எனக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருந்தார். என்னை அதற்கு அழைத்துக்கொண்டு போனவரே அவர்தான். எனக்குக் கிள்ளானில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறினால் ஞாயிறு மாலை வரை பிரிக்பீல்ட்ஸில் இருப்பேன். அதனால் அவர் என்னைக் கடைசிவரை "கிள்ளான்காரரே" என்றுதான் கூப்பிட்டார்.

அவர் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கட்டட அலுவலகத்தில் பிளான் வரைபவர். வங்கி, பங்களா, பள்ளிக்கூடம் எல்லாம் துரை சொல்லச் சொல்ல வரைவார். சுவரையும் ஜன்னலையும் கடமைக்குத்தான் வரைந்தார். அவருடைய உயிர் சீலிங்கில் இருந்தது. இளமையில் பேரா மாநிலத்தில் ஒரு ஈயச் சுரங்கத்தின் இயந்திரக் கொட்டகையில் வேலை பார்த்தபோது இடது காது போய்விட்டது. வலது காது பாதி மிச்சம். ஒருவர் எதிரே நின்று பேசினால் சிரமமில்லை. நான்கு பேர் கூடி, மேலே தகரமும் சுற்றிலும் சுண்ணாம்புச் சுவருமாக இருந்துவிட்டால், அவருக்கு எல்லாம் ஒரே இரைச்சல். தட்டிப் பார்ப்பதே இந்த வீட்டில் தனக்குப் பேச்சு புரியுமா, புரியாதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான். இதை என்னிடம் சொன்னபோதும் அவர் குரலில் வருத்தமில்லை, பெருமைதான் இருந்தது.

"காது நல்லா இருக்கிறவனுக்குச் சத்தத்தப் பத்தி என்னா தெரியும், கிள்ளான்காரரே? கேக்குது, அவ்வளவுதான். எனக்குத்தான் அது எங்கேருந்து வருது, எங்க முட்டுது, ஏன் திரும்புதுன்னு எல்லாம் தெரியும்."

தன் கொள்கையை அவர் விருந்தாளியை வைத்து விளக்குவார். "சத்தம்ங்கிறது விருந்தாளி மாதிரி. வரணும், சொல்ல வந்தத சொல்லணும், போயிடணும். நம்ம ஊரு வீட்டுல வந்த சத்தம் போறதே இல்ல. அது போறதுக்குள்ள அடுத்தது வந்துடுது." இந்த விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதைச் சொல்லத் தொடங்கினால் அவரும் எளிதில் போகமாட்டார்.

பேசும் படத்துக்குப் போன கதைக்கு வருகிறேன். கொட்டகையில் எல்லாரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, இவர் நாற்காலியில் திரும்பி மண்டிபோட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, படம் அந்தப் பக்கம் ஓடுது."

"உங்களுக்கு அங்க ஓடுது. எனக்கு மேல ஓடுது."

"அப்ப நீங்க கூரைக்கு டிக்கெட் வாங்கிட்டு ஏறிடுங்க லா. எனக்கு மறைக்குது."

இடைவேளையில் அவர் மேலாளரைப் பிடித்துக்கொண்டார். மேலே அடித்திருந்தது கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த பலகை, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்று தெரிந்தது. படம் முடிந்து வெளியே வந்ததும், "பாத்தீங்களா? சக்கை! நாம மாட்டுக்குப் போடுறது. அது சத்தத்த சாப்புடுது" என்றார். படத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வந்தேன். அவருக்கு அதில் அக்கறை இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆட்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் வேண்டாம். அதன் மண்டபம் முன்பு செங்கல் வைக்கும் கிடங்காக இருந்தது. நான்கு பக்கமும் சுவர், மேலே தகரம். வெயிலில் தகரம் படபடக்கும், மழையில் முழங்கும். இரண்டும் இல்லாத நேரத்தில் பக்கத்தில் ரயில் போகும். மண்டபத்துக்குள் ஒருவர் இருமினால் பத்துப் பேர் இருமியதுபோல் கேட்கும்.

அந்த மண்டபத்தில்தான் சங்கத் தலைவர் பெரிய பேச்சாளர் என்று பெயர் எடுத்திருந்தார். அவர் ஒரு அரசாங்க இலாகாவில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. சங்க உறுப்பினர்களில் பாதிப்பேர் அதே இலாகாவில் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள். மீதிப்பேர் தங்கள் மகனுக்கோ மருமகனுக்கோ அங்கே வேலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் "கனவான்களே!" என்று ஆரம்பித்தால் அது எதிர்ச்சுவரில் மோதி, தகரத்தில் ஏறி, மறுபடியும் மேடைக்கு வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு அது வந்து சேரும்வரை காத்திருந்து அடுத்த சொல்லை விடுவார். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்காது. அதற்குத்தான் அத்தனை கைதட்டல். கைதட்டலையும் மண்டபமே பெருக்கிக் கொடுத்துவிடும்.

அந்த மண்டபத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது, அதை உறுப்பினர்கள் மனதுக்குள் மட்டும் அறிந்து வைத்திருந்தார்கள். சங்கத்தில் தீர்மானங்களுக்குக் கைதூக்கும் வழக்கம் கிடையாது. ஆதரிப்பவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தக் குரல் பெரிது என்று தலைவர் காதால் கேட்டு முடிவு சொல்வார். அந்த இரைச்சலில் "இல்லை" என்றவர் யார் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. தலைவருடைய எண்ணெய்ச் சித்திரம் ஒன்றைச் சங்கச் செலவில் வரைந்து மாட்டுவது என்ற தீர்மானம் ஆண்டு தவறாமல் வந்து, ஆண்டு தவறாமல் தோற்றது. மறுநாள் அலுவலகத்தில் ஒவ்வொருவரும் அவரிடம் போய், "யாருங்கய்யா இந்த வேலையப் பண்றது?" என்று விசாரிப்பார்கள்.

இந்த மண்டபத்துக்குச் சீலிங் போட்டுத் தருகிறேன், பிளானுக்குக் கூலி வேண்டாம் என்று நம்மவர் முன்வந்தார். தலைவருக்குச் சம்மதம். தன் பேச்சு இப்போதே இவ்வளவு எடுபடுகிறதே, துரை அலுவலகத்து ஆள் சீலிங் போட்டால் இன்னும் எடுபடும் என்று அவர் நம்பினார்.

மெராந்தி மரச் சட்டங்களைக் கட்டில்போல் அடித்து, அதில் கோணியை இழுத்துக் கட்டி, மேலே இலவம்பஞ்சும் தேங்காய் நாரும் பரப்பி, உத்தரத்திலிருந்து கம்பியால் தொங்கவிடுவது அவருடைய திட்டம். சட்டம் அடித்துக் கொடுத்த சீனத் தச்சர், எதைச் சொன்னாலும் "போலே, போலே" என்று மலாயில் சரி சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்பவர். அவரோடுகூட இவருக்குச் சண்டை வரவில்லை. சண்டையெல்லாம் சங்கக் கமிட்டியோடுதான்.

"அதென்னங்க, தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவுல ஒரு முழம் சும்மா விட்டிருக்கீங்க?" என்றார் பொருளாளர்.

"சும்மா இல்ல. அதுல காத்து இருக்கு."

"காத்துக்கு எதுக்குங்க ஒரு முழம்? ஏத்தி அடிச்சா மண்டபம் உசரமாத் தெரியும்ல."

"கோணி பாதி வேலைதான் செய்யும். மீதி வேலைய அந்தக் காத்து செய்யுது. ஏத்தி அடிக்கிறதுன்னா நான் வீட்டுக்குப் போறேன். நீங்க கோணியில அரிசி கட்டிக்குங்க."

ஒரு முழம் தப்பியது. அடுத்துக் கிளம்பிய தகராறுதான் பெரிது. கோணி கொடுத்தவர், பஞ்சு கொடுத்தவர், கம்பி கொடுத்தவர் எல்லாரும் தத்தம் சட்டத்தில் 'உபயம்' என்று பெயர் எழுதவேண்டும் என்றார்கள். கோயில் மணியிலும் விளக்கிலும் எழுதுவதில்லையா? கேட்டது நியாயம்தான். ஆனால் எண்ணெய்ப் பெயிண்ட் பட்டால் கோணியின் கண் அடைபட்டு, அந்த இடம் பலகையாகிவிடும் என்று இவர் துடித்தார். "ஒரு பேருக்கு ஒரு முழம் செத்துடும்" என்றார். கொடுத்தவர்களின் பெயர்களோ நீளம், ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் வேறு சேர்ந்துகொண்டன. கடைசியில் பெயர்களை நூலால் தைப்பது என்று சமாதானமானது. உறுப்பினர்களின் மனைவிமார் மாலை நேரங்களில் உட்கார்ந்து சிவப்பு நூலில் தைத்தார்கள். மேடைக்கு நேர் மேலே தலைவர் பெயர். அதில் ஒரு எழுத்துக் கோணலாகப் போனதற்குக் காரணம் யார் என்று இரண்டு குடும்பங்கள் நெடுநாள் பேசாமலிருந்தன.

சீலிங் அழகாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். அண்ணாந்து பார்த்தால் துறைமுகக் கிடங்கை யாரோ தலைகீழாகக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. மழைச் சத்தம் அறவே கேட்காது என்று அவர் வாக்குக் கொடுத்திருந்ததும் பலிக்கவில்லை. முழக்கம் குறைந்தது, போகவில்லை. அதைச் சொன்னால் "அது மழையோட தப்பு" என்பார். ஆனால் மண்டபத்துக்குள் நான் காலடி வைத்தபோது, யாரோ என் காதைத் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அவர் மேடையில் நின்று சாதாரணக் குரலில், "கிள்ளான்காரரே, கடைசி பெஞ்சுல உக்காருங்க" என்றார். கேட்டது. அங்கிருந்து நான் முணுமுணுத்ததும் அவருக்குக் கேட்டது. பாதிக் காதுக்காரருக்கு! அவர் முகம் மலர்ந்த விதத்தை அதற்கு முன்போ பின்போ நான் பார்க்கவில்லை.

ஆண்டுவிழா வந்தது. அன்று மழையும் இல்லை, ரயிலும் இல்லை. தலைவர் எழுந்தார்.

"கனவான்களே!"

வழக்கம்போலக் கண்ணை மூடிக் காத்திருந்தார். போன சொல் திரும்பி வரவில்லை. கண்ணைத் திறந்து, யாரோ தடுத்துவிட்டார்களா என்பதுபோல் சபையைப் பார்த்தார். மறுபடியும் "கனவான்களே!" என்றார். அதுவும் போனது போனதுதான். வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டே போனார். சங்க வரலாற்றில் முதல்முறையாக அவர் பேசியது முழுவதும் எல்லாருக்கும் விளங்கியது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியது, கப்பலில் வாந்தி எடுத்தது, பினாங்கில் இறங்கியது, இன்று இந்த நிலையில் இருப்பது, விளக்கெண்ணெய் நல்லது. இவ்வளவுதான். இடையிடையே ஒற்றுமை வேண்டும் என்றார்.

பின்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் காதில், "இம்புட்டுதானா? இத்தன வருஷமா இதுக்கா கைதட்டினோம்?" என்றார். காதில் சொன்னது மேடைவரை போனது.

கைதட்டினார்கள். மனப்பூர்வமாகத்தான் தட்டினார்கள். ஆனால் ஈரத்துண்டை உதறியதுபோலத்தான் கேட்டது. தலைவர் முகம் கறுத்து உட்கார்ந்தார். நம்மவருக்கு அது எதுவும் புலப்படவில்லை. நேரே மேடையேறிப் போனார்.

"ஐயா, உங்க பேச்ச இன்னைக்குத்தான் முழுசா கேட்டேன். ஒரு வார்த்தை தப்பல."

"எப்படி இருந்தது?"

"எதிரொலியே இல்லங்கய்யா!"

அடுத்த மாதமே, சீலிங்கை இறக்கிவிடுவது என்ற தீர்மானம் வரப்போவதாகத் தெரிந்தது. கோணி நாற்றம், எலி, சபைக்குக் கௌரவக் குறைவு என்பவை காரணங்கள். எலி உண்மை. அந்த மண்டபத்தில் பாடிவந்த பஜனைக் கோஷ்டியும் ஆதரவு தந்தது. யார் யார் சுருதி சேராமல் பாடுகிறார்கள் என்பது புதிய சீலிங்கில் வெளிப்பட்டுவிட்டதால், அவர்களில் பாதிப்பேர் மீதிப்பேரோடு சண்டையில் இருந்தார்கள்.

அப்போது ரப்பர் விலை விழுந்துவிட்டது. அரசாங்க இலாகாக்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. யார் போவது, யார் இருப்பது என்பதில் பெரிய கிராணியின் வார்த்தைக்கு மதிப்புண்டு என்று ஊரே நம்பியது.

நம்மவர் வீடு வீடாகப் போனார். இந்த முறை போன வீடுகளில் தட்டவில்லை. "இந்த ஒரு இடத்துலதான் நாலு பேர் பேசினா எனக்குப் புரியுது. மத்த எடத்துல சிரிக்கிறப்ப நானும் சிரிச்சு வைக்கிறேன்" என்று, இத்தனை நாள் பெருமையாகச் சொன்னதை இப்போது கெஞ்சலாகச் சொன்னார். எல்லாரும் உருகிப்போனார்கள்.

"நீங்க ஏண்ணே கவலப்படுறீங்க? சித்திரத்த தோக்கடிச்சவங்க நாங்கதானே? நாங்க போடுற சத்தத்துல பாருங்க."

"இல்லைன்னு ஒரு சத்தம். முடிஞ்சது கதை."

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் சங்க உறுப்பினன் அல்ல, விருந்தினன். கடைசி பெஞ்சில் இருந்தேன். தீர்மானத்தை வாசித்தார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆதரிக்கிறவங்க சொல்லலாம்."

அங்கொன்றும் இங்கொன்றுமாக "ஆம்" வந்தது. தலைவர் கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

"ஸ்டோர் கிராணி. கேட்டது. தபால் பகுதி. கேட்டது. அது யாரு, பஜனைக் கோஷ்டியா? நல்லது."

சபையில் ஒரு அசைவு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கிவிட்டது. இந்த மண்டபத்தில் இப்போது ஒவ்வொரு குரலும் தனித்தனியாகத் தெரியும்.

"எதிர்க்கிறவங்க?"

நடுவரிசையில் ஒருவர் கனைத்தார்.

"யாரது? டைப்பிஸ்டா?"

"இல்லீங்கய்யா. தொண்டக் கட்டு."

"பனங்கற்கண்டு சாப்பிடுங்க. வேற யாராவது எதிர்க்கிறீங்களா?"

நம்மவர் எழுந்து நின்றார். இடமும் வலமும் பார்த்தார். சத்தம் போடுவதாகச் சொன்னவர்கள் தங்கள் பெயர் தைத்த கோணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் மெலிந்த குரல். அதை உயர்த்தவில்லை.

"இல்லை."

ஒரே ஒரு சொல். கடைசி பெஞ்சில் எனக்கு, அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுபோல் கேட்டது.

"ஒரு எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறியது" என்றார் தலைவர்.

நம்மவர் உட்காரவில்லை. கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தோம்.

"ஐயா, நான் சொன்னது மேடைக்கு எப்படிக் கேட்டுச்சு?"

தலைவர் அதை எதிர்பார்க்கவில்லை. "தெளிவாத்தான் கேட்டது" என்றார்.

"அப்படியே நடவடிக்கைக் குறிப்புல எழுதச் சொல்லுங்க. எதிர்ப்பு ஒண்ணு, மேடைக்குத் தெளிவா கேட்டதுன்னு."

காரியதரிசி தலைவரைப் பார்த்தார். சொன்னதை இல்லையென்று மறுக்க முடியாத மண்டபம் அது. "எழுதுங்க" என்றார் தலைவர். பேனா காகிதத்தில் கீறுவதும் கடைசி பெஞ்சுவரை கேட்டது.

சீலிங்கை அவரே வந்து இறக்கினார். மற்றவர்கள் கம்பியை வெட்டினால் சட்டம் திருகிக்கொள்ளுமாம். உபயக்காரர்கள் அவரவர் பெயர் தைத்த கோணியைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் நான் போயிருந்தேன். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. தகரம் பழையபடி முழங்கியது. வழக்கப்படி, முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்துச் சபையின் ஒப்புதல் கேட்கவேண்டும். காரியதரிசி எழுந்து நின்றார். அவர் வாய் அசைவது தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம்மவர் உள்ளங்கையை வலது காதுக்குப் பின்னால் குவித்து மேடைப் பக்கம் திருப்பினார்.

"என் எதிர்ப்பு எழுதின இடத்துக்கு வந்துட்டாரா?" என்று என் காதருகே கத்தினார்.

எனக்கும் கேட்கவில்லை. காரியதரிசி உட்கார்ந்தார். தலைவர் எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து ஏதோ கேட்டார். சபை முழுவதும் வாயைத் திறந்து ஒரே முழக்கமாகப் பதில் சொல்ல, தகரம் அதை வாங்கி மழையோடு சேர்த்துக் கொட்டியது. தலைவர் கண்ணை மூடி, அது வந்து சேரும்வரை காத்திருந்தார். குறிப்பு ஏகமனதாக ஏற்கப்பட்டது.

என் பக்கத்தில் இருந்தவருடைய வாயும் அசைந்தது. அவர் சொன்னது 'ஆம்' என்றா, 'இல்லை' என்றா என்பது எனக்குக் கேட்கவில்லை.